மோதிர விரலின் பாதி

“இன்னும் தொடலையா, தம்பி?” என்று கேட்டார் சவரிமுத்து.

அதற்குள் நான் மூன்று முறை தொட்டிருந்தேன்.

மலாய் நாட்டில், காஹாங்கிலிருந்து செம்மண் சாலையில் ஏழு மைல் உள்ளே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தா அது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்களைத் துண்டால் கட்டியிருந்தேன். அவருடைய இடது கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. என் கையில் ஒரு கோழி இறகு. சுண்டு விரல் நுனியை நான்காவது முறையாக வருடினேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போலக் காத்திருந்தார்.

பத்து முறை தொட்டதில் இரண்டு முறைதான் “இங்க” என்றார்.

மோதிர விரலில் ஒரு விசித்திரம் இருந்தது. நடுவிரலைப் பார்த்த பக்கத்தில் இறகு பட்டால் உடனே சொன்னார். சுண்டு விரலைப் பார்த்த பக்கத்தில் பட்டால் பேச்சில்லை. ஒரே விரலை நடுவில் கோடிழுத்து யாரோ பாகம் பிரித்துவிட்ட மாதிரி இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் “மோதிர விரல் – பாதி” என்று எழுதினேன். அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. எழுதிவைத்துவிட்டால் தெரிந்துகொண்ட மாதிரி என்று நினைக்கிற வயது.

மேலே போவதற்கு முன் ஒரு திருத்தம். இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், இந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டில்கள் என்று எழுதிவிட்டேன். குளுவாங்கிலிருந்து ஒரு வாசகர், அவருடைய தகப்பனார் அங்கே படுத்திருந்தவராம், பதினொன்றுதான் என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பன்னிரண்டாவது, வராந்தாவில் கிடந்த பெஞ்சு. அதிலும் ஆள் படுத்திருந்ததால் சேர்த்து எண்ணிவிட்டேன். இது தெரிந்த பிறகு இரண்டு இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

உதறிக்கொண்டு நின்ற கைகள்

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே கை மரத்துப்போவது எங்கள் தோட்டத்தில் புதிதல்ல. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடுவதற்கு, ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் வலது கையை உதறிக்கொண்டே நிற்பவர்களை ஒரு நாள் எண்ணினேன். பதினேழு பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் பெண்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிறது என்பார்கள். தூக்கத்தில் வலி எழுப்பிவிடும். கையைத் தொங்கவிட்டு உதறினால் கொஞ்சம் அடங்கும்.

“என் கையே என்னை எழுப்பிவிட்டுருது. எனக்கு எதுக்குச் சேவல்?” என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் கையை உதறிக்கொண்டே சிரிப்பார்கள்.

நாளெல்லாம் மணிக்கட்டை மடக்கிப் பால் வெட்டும் கத்தியை இழுத்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. என்னைப் பழக்கிய பெரிய டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், அதை வாதம் என்பார். தைலம் கொடுப்பார். தைலத்தின் வாசனை நன்றாக இருந்ததால் அவர்களும் வாங்கிப்போவார்கள்.

யுத்தம் வந்து பால் வெட்டு நின்றது. நான்கு மாதம் கழித்து ஒரு காலை மறுபடி எண்ணினேன். கையை உதறியவர்கள் மூன்று பேர்தான். தைலமும் தீர்ந்துபோயிருந்தது. ஆக, தைலம் குணமாக்கவில்லை, ஓய்வு குணமாக்கியிருக்கிறது. இந்தக் கணக்கு என் கண்ணெதிரில் கிடந்தது. பதினேழு என்றும் மூன்று என்றும் தேதி போட்டு எழுதினேனே ஒழிய, ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைய அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஒரு முழங்கை

சவரிமுத்து முன்பு ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டும் இயந்திரத்தில் நின்றவர். முப்பது வயதைத் தாண்டியவர். கோயில் இல்லாத எங்கள் தோட்டத்தில் ஞாயிறு தோறும் ஜெபம் படித்தவரும் அவர்தான். ரப்பர் நின்ற பிறகு அந்த ஸ்டோரில் மரவள்ளி மாவு எடுக்கத் தொடங்கினார்கள். ஆணியால் துளை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பலகையில் அறைந்து, பலகையை மரத்தொட்டியில் சாய்த்து, கிழங்கைத் தேய்க்க வேண்டும். வலது கை தேய்க்கும். இடது கை பலகை நழுவாமல் பிடித்திருக்கும். அப்படிப் பிடிக்கையில் இடது முழங்கை மடங்கி, அதன் உட்பக்கம் தொட்டியின் விளிம்பில் அழுந்தியிருக்கும். காலையிலிருந்து மாலைவரை இதுதான் வேலை. மற்றவர்கள் அவ்வப்போது எழுந்து போவார்கள். இவர் இயந்திரத்தோடு பழகியவர், எழமாட்டார்.

ஆறாவது மாதம் சுண்டு விரல் போயிற்று என்றார். போயிற்று என்றுதான் சொன்னார், மரத்தது என்று சொல்லவில்லை.

பெரிய டிரஸ்ஸரை அதற்குள் குளுவாங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்து மூன்று வயதில், ஏழாம் வகுப்பு ஆங்கிலமும் மூன்று வருடப் பழக்கமும் உள்ள நான்தான் அந்தத் தோட்டத்துக்கு மருத்துவன். தொழுநோயைக் கண்டுபிடிப்பது பற்றி அவர் எனக்குச் சொல்லித்தந்தவை மூன்று: தொடுவது தெரியாத விரல், முழங்கையில் கயிறு போலத் தடித்த நரம்பு, உடம்பில் வெளிறிய படை.

இறகு வைத்துப் பார்த்தேன், விரலுக்குத் தெரியவில்லை. முழங்கையின் உட்புறப் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டினேன். கயிறு மாதிரி ஒன்று உருண்டது. அவர் “ஆ” என்று கையை இழுத்துக்கொண்டார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் வெளிறிய படை ஒன்று இருந்தது.

மூன்றுக்கு மூன்று.

அந்தப் படை தேமல். சோப்பு என்பதே மறந்துபோன அந்தக் காலத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பாதிப் பேர் முதுகில் அது இருந்தது. முழங்கையில் உருண்ட நரம்பு எல்லாருக்கும் உருளும். என்னுடையதைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். அவருடைய வலது முழங்கையையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். கட்டில்களையும் போர்வைகளையும் பஞ்சு உருண்டைகளையும் எண்ணிக்கொண்டிருந்த நான், ஒரு மனிதனுக்கு முழங்கை இரண்டு என்பதை அன்று மறந்துவிட்டேன்.

அந்த வாரந்தான் சயாமில் ரயில் பாதை போட ஐம்பது பேர் கேட்டு உத்தரவு வந்திருந்தது. தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி எழுதிய பட்டியலில் சவரிமுத்துவும் இருந்தார். ஆட்களைப் பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரியிடம் கிராணி, தொழுநோய் என்று நான் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை நீட்டி, மலாயில் நோயின் பெயரைச் சொன்னார். அதிகாரி மூன்று அடி பின்னால் நகர்ந்தான். சவரிமுத்துவின் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, பென்சிலையும் கீழே போட்டுவிட்டான். நாற்பத்தொன்பது பேரோடு லாரிகள் போயின. ஒரு ஆள் குறைந்ததை அந்த முறை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நோயை லயத்து ஆட்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான நாளாக இருந்தால் அவரை வடக்கே நோயாளிகள் குடியிருப்புக்கு அனுப்பியிருப்போம். அப்போது அதற்கு வாகனமும் இல்லை, அங்கே சோறும் இல்லை என்று கேள்வி. அதனால் சதுப்புக்கு அந்தப் பக்கம், பழைய நாற்றுக் காவல் குடிசையைக் காட்டினார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது எல்லாரும் வாசலை விட்டு உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான். அவருடைய மனைவி அன்னம்மாள் கூடவே போனாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

ஒன்று சொல்லவேண்டும். நான் சொன்ன நோய் உண்மையாகவே இருந்திருந்தாலும் அந்த மனிதரை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. அது இப்போது எனக்குத் தெரியும். அன்று நானும் கதவுக்கு உள்ளேதான் நின்றேன்.

“விரல் இருக்கா?”

சதுப்பைக் கடக்க இரண்டு பலகை போட்ட பாலம், முப்பத்தொரு அடி. ஐந்து நாளைக்கு ஒரு முறை உப்பும் கிழங்கும் கோழி இறகும் எடுத்துக்கொண்டு போவேன். அந்தப் பாலத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கரைவரை வந்தவர் இன்னொருவர் இருந்தார், மாட்டுவண்டிக்கார வீராசாமி. லயத்தில் சவரிமுத்துவுக்கு அடுத்த வீடு. கிழங்கு ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும்போது மாலையில் சதுப்போரம் வண்டியை நிறுத்துவார். வாயில் இரண்டு கையையும் குவித்துக் கத்துவார்:

“என்ன சவரி, விரல் இருக்கா?”

குடிசை வாசலில் இருந்து சவரிமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார்.

“பத்தும் இருக்கு. ஒனக்கு வேணுமா?”

“எனக்கு எதுக்குய்யா? மாட்டுக்கு வேணா ரெண்டு குடு, ஈ ஓட்டிக்கும்.”

வீராசாமியின் மனைவி பாக்கியம், பாலத்து முனையில் கிடந்த வெட்டுமரக் கட்டையின்மேல் எதையாவது வைத்துவிட்டுப் போவாள். பலாக்கொட்டை, கீரை, ஒரு முறை பழைய சேலை. அவள் பாலத்தில் கால் வைக்கமாட்டாள். பயம் அவளுக்கும் உண்டு. பயந்துகொண்டேதான் வைத்துவிட்டுப் போனாள்.

சவரிமுத்து தேய்த்த கிழங்கை இனி யார் தின்பார்கள்? ஸ்டோர் வேலை நின்றது. காலையில் வலது கையால் வேலியோரம் கொத்துவார். மற்ற நேரம் கையை நீட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மடக்கினால் எரிகிறது என்பதால் நீட்டிவைக்கிறேன் என்றார்.

என் நோட்டுப் புத்தகத்தில் பத்துக்கு இரண்டு இருந்தது. அடுத்த முறையும் இரண்டு. பிறகு மூன்று. பிறகு ஐந்து. ஐந்தைப் பார்த்ததும் நான் இறகை மாற்றினேன். பழையது கடினமாகிவிட்டதோ என்று சந்தேகம். புது இறகிலும் ஐந்து. பிறகு எட்டு. ஒன்பதாவது முறை போனபோது,

“இங்க. இங்க. இது சுண்டு வெரலு. இது மோதர வெரலு, வெளிப்பக்கம்,” என்று நான் தொடத் தொட ஒப்பித்தார். பத்துக்குப் பத்து.

பிறகு அவருடைய வலது முழங்கையைப் பிடித்துப் பள்ளத்தில் விரலை உருட்டினேன். அதே கயிறு, அதே தடிமன். என் முழங்கையைப் பிடித்து உருட்டினேன். சுண்டு விரல்வரை சுரீர் என்றது.

“என்ன தம்பி, ஒங்களுக்கும் இருக்கா?” என்றார்.

“அண்ணே, இது அந்த நோய் இல்ல. தொட்டி விளிம்புல முழங்கை அழுந்தி நரம்பு நசுங்கியிருக்கு. ஓய்வு கெடைச்சதும் சரியாயிருச்சு.”

அன்னம்மாள் அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள். அழவில்லை. “அப்ப, லயத்துக்குப் போலாமா?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். லயத்து மருத்துவச்சி பாலத்தைத் தாண்டி வரமாட்டேன் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தாள்.

“ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டேன். இன்னொரு தடவை பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை பெரட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்,” என்றேன். ஞாயிறுக்கு ஐந்து நாள் இருந்தது. சரிபார்த்ததையே திரும்பச் சரிபார்ப்பது என் சுபாவம். அந்தச் சுபாவத்தால் என்ன நடந்தது என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

முப்பத்தொன்றாவது பெயர்

ஞாயிறு வருவதற்கு முன் பெரிய கிராணி கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் புதிய உத்தரவு கிடந்தது. சயாமுக்கு இன்னும் முப்பது பேர்.

“இந்தத் தடவை முப்பதுன்னா முப்பது. ஒண்ணு கொறைஞ்சா என்னைய ஏத்திருவேங்கறான்,” என்றார் கிராணி. ஐம்பது வயதுக்காரர், உதடு காய்ந்திருந்தது. “இருபத்தொம்பது தேறியிருக்கு. சவரிமுத்து கை எப்படி?”

“ஏன் கேக்குறீங்க?”

“கை நல்லாருந்தா முப்பதாவது அவன். இல்லேன்னா வண்டிக்கார வீராசாமி. வண்டிய வேற யாராச்சும் ஓட்டிக்குவாங்க. நாளைக்குக் காலையில நீ சீட்டு எழுதிக் குடுத்துரு.”

பட்டியலின் அடியில் முப்பதுக்கு எதிரே வெற்றிடம். அதற்குக் கீழே, பென்சிலில், முப்பத்தொன்றாவதாக வீராசாமியின் பெயர்.

அன்று மத்தியானம் பாலத்தைத் தாண்டும்போது அடிகளை எண்ணவில்லை. குடிசையில் சவரிமுத்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும். விஷயத்தைச் சொன்னேன். வீராசாமி பெயரைச் சொல்லவில்லை.

சவரிமுத்து பாராங் கத்தியைக் கீழே வைத்தார். “கை நல்லாயிருச்சுன்னா நல்லாயிருச்சுன்னு எழுதுங்க தம்பி. போறேன்.”

“போயிட்டு?” என்றாள் அன்னம்மாள்.

“வருவேன்.”

“முன்னாடி போனாங்களே நாப்பத்தொம்பது பேரு, யாரு வந்திருக்கா?” அவள் என் பக்கம் திரும்பினாள். “தம்பி, ரெண்டு மாசமா இந்தக் கோழியெறக வச்சுக்கிட்டு எண்ணுனீங்க. இல்லாத நோய இருக்குன்னு எண்ணுனீங்க. நாங்க ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு ஒரு நாளு, எங்களுக்காகத் தப்பா எண்ணுங்க.”

“அன்னம், சும்மா இரு.”

“நீங்க சும்மா இருங்க. குஷ்டக்காரன் பொண்டாட்டின்னு சொன்னாங்க, இருந்தேன். இன்னும் எத்தன நாளு வேணும்னாலும் இருப்பேன். இந்த ஆளு இங்க இருந்தாப் போதும்.”

சவரிமுத்து தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “என் பேரை எடுத்தா, அந்த எடத்துல யாரைப் போடுவாங்க?”

“தெரியாது அண்ணே,” என்றேன்.

அவர் என்னை நம்பினார். நான் எண்ணிச் சொல்கிறவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர்.

மறுநாள் காலை சீட்டு எழுதினேன். “இடது கை. தொடுதல் பத்து. உணர்ந்தது இரண்டு.” என் கையெழுத்து எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

லாரி புறப்பட்ட அன்று வீராசாமி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சதுப்போரம் லாரி திரும்பும்போது வழக்கம்போலக் கையைக் குவித்துக் கத்தினாராம், விரல் இருக்கா என்று. சவரிமுத்து குரலை மட்டும் கேட்டு ஓடிவந்து பத்து விரலையும் காட்டியிருக்கிறார். யாருக்குப் பதிலாக யார் போகிறார் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்து, சதுப்போரம் வண்டியை ஓட்டி வந்தவன் வேறு ஆள் என்பதைப் பார்த்து, அவரே தெரிந்துகொண்டார். அடுத்த முறை நான் போனபோது உப்பை வாங்கிக்கொண்டார். இறகுக்குக் கை நீட்டவில்லை.

குழந்தை குடிசையிலேயே பிறந்தது. நானே பார்த்தேன். பெண். இரண்டு கையிலும் விரல்கள் பத்து.

பெரட்டுக் களம்

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரை இன்னும் வந்து சேராத சில வாரங்கள். இரண்டாவது லாரிகளில் போன முப்பது பேரில் பதினொருவர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் வீராசாமியின் தகரக் குவளையைக் கொண்டுவந்து பாக்கியத்திடம் கொடுத்தான். பேதி என்றான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

சவரிமுத்து குடும்பம் இன்னும் அந்தக் கரையில்தான் இருந்தது. ஜப்பான்காரன் பயம் நீங்கியதும், நோய் இல்லை என்று நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். “நீங்கதானே இருக்குன்னீங்க?” என்றார்கள். நியாயம்தான். கடைசியில் ஒரு ஞாயிறு காலை, பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் அவரை உட்காரவைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னம்மாள் தள்ளி நின்றாள். கிராணியே துண்டை இறுக்கிக் கட்டினார். கோழி இறகை எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தொட்டேன்.

“சுண்டு வெரலு.”

கூட்டத்தில் யாரோ “ஒண்ணு” என்றார்கள்.

“மோதர வெரலு, வெளிப்பக்கம்.”

“ரெண்டு.”

ஐந்துக்கு மேல் எல்லாருமே சேர்ந்து எண்ணினார்கள். பத்தாவது முடிந்ததும் ஒரு சிரிப்பும் சலசலப்பும். துண்டை அவிழ்த்தேன். வெளிச்சத்தில் கண் கூச, சவரிமுத்து எழுந்து நின்று, பழக்கம் போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்து விரலையும் விரித்தார்.

எதிரே பாக்கியம் நின்றிருந்தாள்.

அவர் கைகள் அப்படியே நின்றன. பிறகு மெல்ல இறங்கின.

பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எப்ப சரியாச்சு?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், காய்ச்சல் எப்போது விட்டது என்று கேட்கிற மாதிரி.

“நாள் கணக்கு சரியா நெனவில்லக்கா,” என்றேன்.

“நீங்களா எண்ணல?”

கையில் இருந்த இறகை நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சவரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

அன்றே அவர்கள் பழைய வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலை குழாயடியில் அன்னம்மாள் வாளியோடு நின்றாள். நான் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் ஏழெட்டு அடி விட்டுத்தான் மற்ற பெண்கள் நின்றார்கள். பத்து தொடுதலையும் வாய்விட்டு எண்ணியவர்கள்தான். அப்போது பாக்கியம் வந்தாள். விட்டிருந்த இடத்துக்குள் போய், தன் வாளியை அன்னம்மாளின் வாளியில் இடிக்கிற மாதிரி வைத்தாள். அன்னம்மாள் திரும்பவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. சற்று நேரத்தில் வரிசை நெருங்கிவிட்டது.

அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க எனக்கு அருகதை இல்லை. சவரிமுத்துவுக்கு நோய் இல்லை என்பதைப் பாக்கியம் கண்ணால் பார்த்தாள். பார்த்ததற்கு ஏற்றபடி வாளியை வைத்தாள். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதன்பின் நான் அந்தத் தோட்டத்தில் ஆறு வருடம் இருந்தேன். காய்ச்சல் வந்தால் மருந்துக்கு வேறு யாரையாவது அனுப்புவாள். என்னோடு பேசியதில்லை.

இப்போது என் கை

இப்போது தம்போயில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். சில மாதங்களாக இடது சுண்டு விரலில் எறும்பு ஊர்கிறது. பேனா பிடிப்பது வலது கைதான் என்றாலும், இடது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கித்தான் இந்தத் தொடரை எழுதுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு இளம் பெண் மருத்துவரிடம் மகன் கூட்டிப்போனான். அவர் பஞ்சால் விரல்களை வருடினார். மோதிர விரலில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

“அது அப்படித்தான் ஐயா,” என்றார். முழங்கைப் பள்ளத்தில் வரும் நரம்பு சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் போகிறதாம். மணிக்கட்டின் நடுவே வரும் இன்னொரு நரம்பு, கட்டை விரல் பக்கத்து மூன்றுக்கும் அந்த விரலின் மறு பாதிக்கும். பெரட்டில் கையை உதறியவர்களுக்கு நசுங்கியது அது. “பாதி விரல் மரத்தா, எந்த நரம்பு, எங்க நசுங்குதுன்னு தேட அதுவே வழி காட்டும்.”

நோட்டுப் புத்தகத்தில் “பாதி” என்று எழுதியது நினைவுக்கு வந்தது. வழி காட்டியது அப்போதும் அங்கேதான் இருந்தது.

முழங்கைக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறாள் மருமகள். கையை நீட்டியே வைக்கவேண்டுமாம். அப்படி நீட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பேரனிடம் ஒரு இறகைக் கொடுத்துத் தொடச் சொல்கிறேன். நேற்றுப் பத்துக்கு ஆறு.

சவரிமுத்துவும் அன்னம்மாளும் போய்ப் பல வருடம் ஆகிறது. பாக்கியம் எங்கே இருந்தாள், எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் யாராவது இந்த வார இதழை வாங்கலாம். அவள் களத்தில் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் பொய்.

நான் எண்ணினேன், அக்கா. அவர் கை சரியாகி நாலு நாள் கழித்து நான் அந்தச் சீட்டை எழுதினேன்.